கேள்வி பதில்: காட்டோரக் கூடாரத்துக்குத் தண்ணீர் எங்கே?

காட்டோரத்தில் கூடாரம் போட்டுப் பயணிகளைத் தங்கவைக்கும் தொழில் பற்றிப் போன இதழில் இரண்டு பந்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றித்தான். சந்தோஷம். கூடாரத்துக்கு என்ன நிறம், விளக்கு எந்த வடிவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் கிணறுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எல்லோரும் ‘முகாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டிகுளம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல் போர் முடிந்து சனம் அடைபட்டுக் கிடந்த 2009 ஐயும் தண்ணீர்ப் பவுசருக்கு நின்ற வரிசையையும்தான் கொண்டுவரும், எனக்கும் அப்படித்தான். நான் கூடாரத்தளம் என்றே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, மடு வீதி தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே மாமாவின் காணியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பத்துக் கூடாரம் போடப்போகிறோம். குழாய்க்கிணறு அடிப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். 100 மீற்றர் அடித்தால் தண்ணீர் நிச்சயம் என்கிறார். நம்பி அடிக்கலாமா?
– வாசகர், செட்டிகுளம்

தம்பி, அவருக்கு அடிக் கணக்கில் காசு. ஆழம் கூடினால் அவருக்கு நிச்சயம், உங்களுக்கு என்ன நிச்சயம் என்று பார்ப்போம்.

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். பத்துக் கூடாரம், கூடாரத்துக்கு மூன்று பேர், சமையல்காரர் வழிகாட்டி எல்லாம் சேர்த்து 35 பேர். குளிக்க, கழுவ, மலசலகூடத்துக்கு, குடிக்க என்று ஆளுக்கு 40 லீற்றர் வைத்தால் நாளுக்கு 1400 லீற்றர். நிமிடத்துக்கு 5 லீற்றர் தருகிற ஒரு நோஞ்சான் கிணறு ஐந்து மணித்தியாலத்தில் 1500 லீற்றர் தந்துவிடும். மிளகாய்த் தோட்டம் செய்கிறவர் அந்தக் கிணற்றைப் பார்த்துச் சிரிப்பார், ஆனால் உங்களுக்கு அதுவும் ஒரு 2000 லீற்றர் தாங்கியும் போதும். அதாவது நீங்கள் தேட வேண்டியது பெரிய தண்ணீரை இல்லை, ஆவணி கடைசிவரை விடாமல் வருகிற சின்னத் தண்ணீரை. இதை மறந்துவிட்டுத்தான் ஆட்கள் லட்சக்கணக்கில் கொட்டி ஆழ ஆழப் போகிறார்கள்.

உங்கள் பக்கத்து நிலத்துக்கு அடியில் இருப்பது பழைய கருங்கல் இனப் பாறை. அந்தக் கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமே கிடையாது. தங்குகிற இடம் இரண்டு. ஒன்று, மேலே உக்கிப்போன கல்லும் கிறவலும் சேர்ந்த படை, இது பல இடங்களில் 10 மீற்றருக்குள் முடிந்துவிடும். மற்றது, கீழே நல்ல கல்லில் உள்ள வெடிப்புகள். வெடிப்புக் கிடைத்தால் யோகம், கிடைக்காவிட்டால் 100 மீற்றர் அடித்தாலும் கிடைப்பது கல்தூள்தான். கீழே போகப் போக மேலிருக்கிற பாரத்தில் வெடிப்புகள் இறுகிக்கொண்டு போகும், அதனால் முதல் 50, 60 மீற்றருக்குள் ஒன்றும் அகப்படவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு நகர்வதுதான் புத்தி.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இதைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். குழாய்க்கிணறு 6 அங்குல அகலம், நமது கட்டுக்கிணறு 5 அடி அகலம் என்று வையுங்கள். அகலம் பத்து மடங்கு என்றால் வாய்ப் பரப்பு நூறு மடங்கு. ஆகவே குழாய்க்கிணற்றில் 30 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் அது கட்டுக்கிணற்றில் 30 சென்ரிமீற்றர் நிற்பதற்குத்தான் சமம், இரண்டும் ஏறக்குறைய 550 லீற்றர். குழாய்க்கிணற்றில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது, வெடிப்பால் வந்து சேருகிற தண்ணீர் மட்டும்தான் கணக்கு.

ஆகவே அடிப்பதற்கு முன் மாமாவின் காணியைச் சுற்றி நடவுங்கள். பள்ளம் எங்கே, பழைய குளக்கட்டு இருக்கிறதா, மருதமரம் எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். மருது ஈரம் இல்லாத இடத்தில் தழைத்து நிற்காது. குளக்கட்டுக்குக் கீழ்ப்பக்கம் கிணறு வெட்டினால் ஊறும் என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் குளம் வற்றினால் அதுவும் இறங்கும் என்பதை அடுத்த ஆடியில்தான் நினைப்போம். அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் போய்க் கடைசியாக எப்போது வற்றியது என்று கேளுங்கள். அந்த வீட்டு அம்மாவைக் கேளுங்கள், ஐயாவுக்கு வருஷம் ஞாபகம் இராது.

அப்புறம் நீர்வளச் சபைக்கு எழுதி மின்தடை அளவை செய்விக்கலாம். நான்கு இரும்புக் கம்பி நிலத்தில் ஊன்றுவார்கள், வெளிக் கம்பி இரண்டாலும் மின்சாரம் விட்டு உள்கம்பி இரண்டிலும் மின்னழுத்தத்தை அளப்பார்கள், வெளிக் கம்பிகளைத் தூரத் தூர வைக்க அளவு ஆழமாக இறங்கும். உலர்ந்த கல் மின்சாரத்தை விடாது, ஈர உக்கல் விடும். ஆனால் களியும் உவர்த் தண்ணீரும்கூட அப்படித்தான் விடும், ஆகவே கருவி காட்டியது என்பதற்காக மட்டும் காசைக் கட்டிவிடாதீர்கள்.

அடிக்கிற நாளில் தேத்தண்ணி குடிக்கப் போகாமல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் செம்மண் வரும், பிறகு மஞ்சள் கிறவல், பிறகு மைக்கா மினுங்குகிற உக்கல். உறைக்குழாய் இறக்குவது அந்த உக்கல் முடிகிற இடத்தில், அதைச் சுற்றிச் சீமெந்து போட்டு அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேல் அழுக்கு முழுக்க உள்ளே இறங்கும். நல்ல கல்லில் தொட்டதும் சத்தமே மாறிவிடும். வெள்ளைத் தூள் கிளம்பிப் பக்கத்துப் பாலை மரமெல்லாம் மாப் பூசியதுபோல நிற்கும். கொஞ்ச நேரத்தில் தூள் சட்டென்று நின்று ஈரக் கட்டியாக வந்து விழுந்தால் அதுதான் வெடிப்பு. அந்த ஆழத்தைக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் ஒரு பிடி தூளை நிலத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு வாருங்கள், பின்னாளில் மோட்டரை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்று தீர்மானிக்க அந்த வரிசை உதவும்.

தண்ணீர் பீச்சியதும் கைதட்டிப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். முதல் பத்து நிமிடம் வருவது சுற்றிவர முன்பே தேங்கி நின்றது. ஒரு மணித்தியாலம் ஊதவிட்டு 20 லீற்றர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். நான்கு நிமிடத்தில் நிரம்பினால் உங்களுக்குப் போதும். பிறகு மோட்டர் போட்டு 24 மணித்தியாலம் தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். கயிற்றில் பாரம் கட்டி நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறுகிறது என்று அளக்க வேண்டும். இழுக்கும்போது மட்டம் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் நல்லது, இறங்கிக்கொண்டே போனால் அளவைக் குறையுங்கள்.

இந்தச் சோதனையை மாசியில் செய்யாதீர்கள். நான் ஒரு முறை செய்தேன். ஒரு விடுதிக்காரருக்கு மாசியில் பார்த்துக் கொடுத்த கிணறு, அப்போது வாளி கைக்கு எட்டுகிற அளவில் தண்ணீர். ஆடி முடிவில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் வாளி அடியில் முட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார். கல்லில் குற்றம் இல்லை, என் மாதம் பிழை.

தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து தண்ணீர் பார்க்கும் ஐயா ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் காட்டிய இடங்களில் பெரும்பாலும் தண்ணீர் வந்திருக்கிறது. விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்கிறது?
– வாசகி, நெடுங்கேணி

பிள்ளை, தேங்காய் எழும்பி நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், வேப்பங்கவர் தடி வளைவதையும் பார்த்திருக்கிறேன். எழுப்புவது தண்ணீர் என்பதற்கு ஆதாரம் கிடையாது, கண்ணைக் கட்டி நடக்கவிட்டுச் செய்த சோதனைகளில் தேங்காயும் தடியும் தேறவில்லை. ஆனால் அந்த ஐயாவை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். நாற்பது வருஷம் அந்த மண்ணில் நடந்தவருக்கு எந்தப் பள்ளத்தில் புல் கடைசியாகக் காயும், எந்தப் புற்றில் எறும்பு ஈரமண்ணை வெளியே தள்ளும் என்று கண்ணுக்குத் தெரியும். கைக்குத் தெரிகிறதா என்பது வேறு. அப்புறம், மேல் உக்கலில் மழைக்குப் பிறகு எங்கே வெட்டினாலும் கொஞ்சம் ஊறத்தான் செய்யும், ‘வந்தது’ என்று எண்ணும்போது இதையும் எண்ண வேண்டும். வராத கிணறுகளை ஊரில் யாரும் கணக்கு வைப்பதில்லை, மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேங்காயை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சுண்டிக்குளம் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் தங்க ஒரு இடம் யோசிக்கிறோம். மணலில் மூன்றடி தோண்டினாலே நல்ல தண்ணீர். இன்னும் ஆழமாக அடித்தால் இன்னும் நல்ல தண்ணீர் கூடுதலாக வரும்தானே?
– வாசகர், முல்லைத்தீவு

வராது, உவர்தான் வரும். மணலுக்குள் மழைத் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கொஞ்சம் பாரம் குறைவு, அவ்வளவுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால், மணல் அவ்வளவு ஆழம் இருக்கும் பட்சத்தில், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை அது இறங்கி நிற்கும். கைபன் என்ற ஒல்லாந்தரும் பிறகு ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மன்காரரும் தனித்தனியே கண்ட கணக்கு இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திருப்பிப் பாருங்கள்: நீங்கள் மோட்டர் போட்டு மேல்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால் கீழே உவர் 4 மீற்றர் ஏறப் பார்க்கும். ஒரு முறை ஏறிய உவர் அடுத்த மாரியோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம், வருஷக் கணக்கில் நிற்கும்.

நம்முடைய ஆட்கள் பூவல் தோண்டியதன் சூட்சுமம் அதுதான். ஆழம் இல்லாமல், பரவலாக, கையால் அள்ளுகிற அளவுக்கு. நீங்களும் குதிரைவலுக் கணக்கில் மோட்டர் வாங்காமல், ஆழம் குறைந்த இரண்டு மூன்று வளையக் கிணறுகள் தள்ளித் தள்ளி இறக்கி, சின்ன மோட்டரால் மாறி மாறி மெதுவாக இழுங்கள். வாரத்துக்கு ஒருநாள் நாக்கில் விட்டுப் பாருங்கள், கரிக்கத் தொடங்கினால் அன்றோடு நிறுத்துங்கள்.

முசலியில் எங்கள் காணி, வில்பத்து தேசியப் பூங்காவுக்கு வடக்கே. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும்?
– வாசகர், சிலாவத்துறை

பொதுவாக 30 மீற்றர் என்பார்கள், குழி கிணற்றுக்குப் பள்ளப் பக்கமாக இருக்க வேண்டும், குழியின் அடிக்கும் மாரிகால நீர்மட்டத்துக்கும் நடுவில் இரண்டு மீற்றராவது மண் வேண்டும். செட்டிகுளத்துக்காரருக்கு இது போதும். உங்களுக்குப் போதாது. மன்னார்க் கரை நெடுக, முருங்கன், கொண்டச்சி, தெற்கே வண்ணாத்திவில்லு வரை அடியில் கிடப்பது சுண்ணக்கல். அதில் தண்ணீர் கல்லைக் கரைத்து வழி வைத்திருக்கும், யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இந்தத் தொல்லையைப் பார்த்திருப்பீர்கள். மண் வடிகட்டும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப் போகும், 30 மீற்றரை ஒரு ஓட்டை ஒரே இரவில் கடந்துவிடும். ஆகவே குழியே வேண்டாம், அடைத்துக் கட்டிய தொட்டி கட்டி பவுசரில் அள்ளிக் கொண்டுபோங்கள். செலவுதான், ஆனால் உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து ஊர்க் கிணறும் அதே கல்லில்தான் இருக்கிறது.

அந்தச் சுண்ணக்கல்லுக்குள் ஆழத்தில், மேலே களியால் மூடுண்டு அழுத்தத்தோடு நிற்கிற நீர்ப்படைகளும் உண்டு, துளைத்தால் தண்ணீர் தானாகவே குழாயில் ஏறும். பத்துக் கூடாரத்துக்காக அதைத் துளைக்கப் போவது, கொசு அடிக்க உலக்கை எடுப்பது.

காட்டுக்குள்ளேயே கூடாரத்தளத்துக்குக் கிணறு வெட்டினால் வரட்சியில் மிருகங்களுக்கும் உதவியாக இருக்குமே, ஏன் அனுமதி தரத் தயங்குகிறார்கள்?
– ஆசிரியர், வவுனியா

சேர், நல்ல மனதோடு கேட்கிறீர்கள், ஆனால் வில்பத்து அதிகாரியாக இருந்தால் நானும் தயங்குவேன். தண்ணீர் வைத்தால் மான் வரும், மரை வரும், யானை வரும், அவை வந்த இடத்துக்குச் சிறுத்தையும் வரும், அங்கே உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பல் விளக்கிக்கொண்டு நிற்பார்கள். அது ஒருபக்கம். மறுபக்கம், வரட்சியில் மிருகங்கள் வில்லுக்கு வில்லு (வில்லு என்றால் மழைத் தண்ணீர் தேங்கும் இயற்கைப் பள்ளம்) நகர்வதால்தான் ஒவ்வொரு இடத்துப் புல்லுக்கும் ஓய்வு கிடைக்கிறது. ஒரே இடத்தில் எப்போதும் தண்ணீர் என்றால் சுற்றிவர மொட்டையாகிவிடும். சில வில்லுகளின் தண்ணீரும் பக்கத்து மண்ணின் நிலத்தடி நீரும் ஒட்டிக்கொண்டே இருக்கும், கரையோரம் கிணறு வெட்டி இழுத்தால் நீங்கள் குளிப்பது மானின் தண்ணீரில்தான். கிணற்றை நீர்நிலையிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கமாக வைக்கச் சொல்வது அதற்காக.

திறந்த கிணறு காட்டில் கூடவே கூடாது. வெளியே வயல்களில் கட்டில்லாத கிணறுகளில் யானைக்குட்டி விழுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழாய்க்கிணறு, அல்லது கொங்கிறீற்று மூடி போட்ட வளையக் கிணறு, இரண்டில் ஒன்று. குழாய்களை ஆழமாகப் புதைக்க வேண்டும், யானை கசிவை மணந்துகொண்டு வந்து தோண்டி இழுத்துப்போடும். பிளாஸ்ரிக் தாங்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குரங்குக்குக் குழாய் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது, அதனால் அமுக்கினால் மட்டும் வருகிற குழாய்தான் பூட்ட வேண்டும்.

அருவியாற்றங்கரையில் வேறு வழி இருக்கிறது. ஆறு வற்றினாலும் மணலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், யானை காலால் மணலைக் கிளறித் துதிக்கையால் உறிஞ்சிக் குடிப்பது அதைத்தான். கரையில் வளையக் கிணறு இறக்கினால் அந்த மணலே வடிகட்டியாகவும் இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லைக்கு வெளியே காணி உள்ளவர்களும் கேளுங்கள். பூங்காவுக்கு உள்ளே வனசீவராசிகள் திணைக்களம் தவிர வேறு யாரும் மண்வெட்டி போட முடியாது. வெளியிலும், எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை எதுவானாலும் அந்தத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கூடாரம் கழற்றக்கூடியது, கிணறு கழற்றக்கூடியதா என்று கேட்பார்கள்.

கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது. கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதாதா, எதற்குப் பரிசோதனை?
– வாசகி, மதவாச்சி வீதி

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைட்டு சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போவதால் மிச்சத்தில் இன்னும் செறிந்து நிற்கும். உங்கள் பக்கத்துக் கருங்கல் கிணறுகளில் அது கூடுதலாக இருப்பது பழைய கதை, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை அதன் கையெழுத்து. இலங்கைக் குடிநீர்த் தரம் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரைதான் விடுகிறது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. நீர்வழங்கல் சபை ஆய்வுகூடத்தில் புளோரைட்டு, நைத்திரேற்று, கடினத்தன்மை, மலக்கிருமியான ஈகோலி நான்கையும் பாருங்கள், ஈகோலி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

புளோரைட்டு கூடினால் கிணற்றை மூட வேண்டியதில்லை, குளிக்கக் கழுவ அது போதும். குடிக்க மழையைப் பிடியுங்கள். 50 சதுர மீற்றர் கூரையில் 1000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 50,000 லீற்றர், சிந்தியது வழிந்தது போனாலும் 40,000 மிஞ்சும். பெரிய தாங்கி இரண்டு வாங்கி, முடிந்த அளவுக்குச் சேமியுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள், கூரையில் காகம் இருந்திருக்கும்.

மறுபடியும் செட்டிகுளம் வாசகர் தொலைபேசியில் கேட்டது: எல்லாம் சரி ஐயா, எந்த மாதம் அடிக்கலாம்?

முதலில், சண்டை நடந்த இடமாக இருந்தால் அந்தத் துண்டுக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஊரார் மாடு மேய்க்கிறார்கள் என்பது அத்தாட்சி ஆகாது. இயந்திரம் நிற்கும் இடம் மட்டுமல்ல, லொறி உள்ளே வரும் பாதையும் சேர்த்து.

மாதம் என்றால், மடு மாதா கோயில் ஆவணித் திருவிழா முடியட்டும். அந்த நாளில் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிற சனத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் படும் பாட்டை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் தாங்கியின் அளவைப் பற்றி நான் சொல்ல வேண்டியிராது. திரும்பி வந்து அடுத்த வாரமே அடியுங்கள். நீர்மட்டம் நன்றாகக் கீழே இறங்கி நிற்கும் நேரம் அது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் லொறி உங்கள் மாமாவின் ஒழுங்கைக்குள் இறங்காது, இறங்கினால் ஏறாது.